பின்னால் கட்டிய கைகள்

பணிமனையில் என் பெரியப்பாவுக்கு வைத்த பெயர் ‘சௌக்கியம்’. பேருந்துப் பணிமனையின் கடைசிக் கொட்டகையில் அவர் இருக்கை தைக்கிறவர். கிழிந்த ரெக்சினை உரித்து, நசுங்கிப்போன ஃபோமை மாற்றி, வளைந்த ஊசியால் ஓரம் தைத்து முடிப்பார். யார் எப்போது விசாரித்தாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “சௌக்கியமா இருக்கேன்.” ஒருமுறை அந்த ஊசி கட்டைவிரலில் இறங்கி ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஓடிவந்து, “என்னய்யா, எப்படி இருக்கு?” என்று கேட்டார். அப்போதும் அதையேதான் சொன்னாராம். பெயர் ஒட்டிக்கொண்டது.

“என்ன சௌக்கியம், சௌக்கியமா?” என்று ஓட்டுநர்கள் கடந்துபோகும்போது கேட்பார்கள். அவரும் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரிப்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறார். அம்மா ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். பெரியப்பாதான் முதலில் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அடுத்து உட்கார்ந்த அப்பா ஒரு வாய் வைத்ததுமே முகத்தைச் சுளித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாக்கு இருக்கா இல்லையா அவருக்கு?”

அப்பாவுக்கு அவர்மேல் வேறொரு குறை உண்டு. எதைக் கொடுத்தாலும் பெரியப்பா கை நீட்டி வாங்கமாட்டார். “அங்க வை” என்பார். மேஜைமேல் வைத்தால், கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொள்வார். “சின்ன வயசுலருந்தே இப்படித்தான். ராஜா வீட்டுப் பிள்ளை, கை நீட்டமாட்டார்” என்று அப்பா எங்களிடம் கேலியாகச் சொல்வார். கேலி என்றாலும் அதில் கொஞ்சம் புளிப்பு இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. அப்பாவைப் பெற்றவர்கள் இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். அப்போது அப்பாவுக்கு மூன்று வயது, பெரியப்பாவுக்கு எட்டு. தூரத்து உறவில் ஓர் அத்தை, தன்னால் ஒரு பிள்ளையைத்தான் வளர்க்க முடியும் என்று சொல்லி, சின்னவனைத் தூக்கிக்கொண்டு போனாள். பெரியவனை அரசாங்கம் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் விட்டார்கள். பார்வை நாள்களில் அத்தை அப்பாவை அங்கே கூட்டிப்போவாள். அப்பாவுக்கு நினைவிருப்பது வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள், முற்றத்தில் ஒரு பந்து, பளபளக்கும் தரை. அத்தை வீட்டில் அப்பா பாயில் படுத்தவர். அண்ணன் இங்கே கட்டிலில் படுக்கிறானே என்று பொறாமையாக இருக்குமாம். ஆசையாகக் கொண்டுபோன பிஸ்கட்டை நீட்டினால், “என் பையில போடு” என்று சட்டைப் பையைத்தான் காட்டுவாராம் அண்ணன். அதுவும் முகவாயால்.

இதையெல்லாம் நான் ஒரு வழக்கின்போதுதான் கோவையாகக் கேட்டேன்.

வழக்கு ஆரம்பித்தது ஒரு டாக்சிக்காரரால். தன் வண்டி இருக்கையைத் தைக்கக் கொண்டுவந்த அவர், பெரியப்பாவின் புருவத்தில் இருந்த தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, “நீ நாலாம் கட்டில்தானே? நான் மூணாம் கட்டில்” என்றாராம். இரண்டு பேரும் அப்படியே ஃபோம் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த இல்லத்தில் வளர்ந்த இன்னும் சிலர் சேர்ந்து ஒரு வக்கீலைப் பார்த்திருப்பதாக டாக்சிக்காரர் சொன்னார். அன்றைக்கு மாலை பெரியப்பா மாடியிலிருந்து இறங்கிவந்து எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார், அங்கே என்ன நடந்தது என்று. எல்லாவற்றையும் அல்ல. பிரம்பைப் பற்றிச் சொன்னார். வார்டன் உள்ளங்கையில்தான் அடிப்பார், மற்ற இடத்தில் அடித்தால் குளிக்கும்போது தெரியும் என்று. சாமான் அறையைப் பற்றி ஆரம்பித்தார். அங்கே ஒவ்வொருவராகக் கூப்பிடுவார் என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை வக்கீலிடம் மட்டும், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அது என்னவென்று நான் கேட்கவில்லை. இங்கே எழுதவும் மாட்டேன்.

அப்பா நம்பவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோபப்பட்டார். “இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னீங்களா அண்ணே? அந்த ஆள் செத்து மண்ணாப் போயாச்சு. இப்போ யார்மேல கேஸ்?”

“அரசாங்கத்து மேல.”

“அரசாங்கமா உங்களை அடிச்சுது?”

அதை எங்களுக்குப் புரியவைத்தது வக்கீல் அம்மாதான். சுருங்கிய கறுப்புக் கோட்டும், எப்போதும் தொண்டை கட்டிய குரலும் உள்ளவர். “அடிச்சவர் வார்டன். அதுல சந்தேகமில்ல. ஆனா பிள்ளைங்களை அங்க விட்டது அரசாங்கம். வார்டனை வேலைக்கு வெச்சது அரசாங்கம். சரியா நடக்குதான்னு பார்க்க அதிகாரியை அனுப்பினதும் அரசாங்கம். பார்க்கறது அவங்க கடமை. பார்க்க வேண்டிய விதத்துல பார்க்கல, அதனாலதான் இது இத்தனை வருஷம் நடந்துச்சு. இதை நாம காட்டணும். அவ்வளவுதான் கேஸ்.”

“அவ்வளவுதான்னு சுலபமா சொல்லிட்டீங்க” என்றார் டாக்சிக்காரர்.

“சுலபம்னு நான் சொல்லவே இல்லையே.”

காலம் கடந்த வழக்கு என்று அரசாங்கத் தரப்பு முதலில் தள்ளப் பார்த்தது. சிறுவயதில் நடந்ததைச் சொல்ல மனிதருக்குக் காலம் பிடிக்கும் என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதைக் கடக்கவே ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயின. பிறகு சாட்சி விசாரணை வந்தது. நான் அப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். “சும்மா சுத்தறதுக்கு உங்க பெரியப்பாவோட கோர்ட்டுக்குப் போடி” என்றாள் அம்மா. போனேன்.

நீதிமன்ற அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. மேலே ஒரு மின்விசிறி கறகறவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சாட்சிக் கூண்டு இடுப்பளவு மரத்தடுப்பு. பெரியப்பா அதற்குள் ஏறி நின்றார். அரசு வக்கீல் கடுமையான ஆள் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் பெரியப்பாவைச் சாய்த்தது.

“ஆய்வு அதிகாரி இல்லத்துக்கு வருவாரா ஐயா?”

“வருவாருங்க.”

“உங்ககிட்ட பேசுவாரா?”

“எல்லாரையும் வரிசையா நிக்கவெச்சு, சௌக்கியமான்னு கேப்பாருங்க.”

“நீங்க என்ன சொல்வீங்க?”

“சௌக்கியமா இருக்கோம் ஐயான்னு சொல்வோம்.”

“ஒரு தடவையாவது மாத்திச் சொன்னீங்களா?”

“இல்லைங்க.”

“உள்ளங்கை வீங்கற அளவுக்கு அடின்னு சொல்றீங்க. பக்கத்துல வந்து நிக்கற அதிகாரி கண்ணுல அது படாமலா போகும்?”

அது கேள்வி மாதிரி இருந்தது. ஆனால் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. நீதிபதியைப் பார்த்து, போதும் என்று தலையசைத்து உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா வாயைத் திறந்தார். அதற்குள் இறங்கிவரச் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஒரு கிழிந்த இருக்கை. வழக்கமாக அப்படி எதைப் பார்த்தாலும் விரலால் தடவிப் பார்ப்பவர், அன்றைக்கு அதைப் பார்க்காமலே அதன்மேல் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னார்.

“நான் வாபஸ் வாங்கிக்கறேன்.”

“ஏன்?”

“அந்த வக்கீல் கேட்டது நியாயம்தானே. அவங்க கேட்டாங்க. நாங்கதான் சொல்லல. வாய் இருந்துச்சு, சொல்லல. என் வயசுக்குக் கீழ இருந்ததுங்க எத்தனையோ. நான் ஒருத்தன் சொல்லியிருந்தா...” அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. “இதுல அரசாங்கத்தைக் குத்தம் சொல்ல நான் யாரு?”

இத்தனை வருடமும் அவர் சுமந்தது இதைத்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வார்டனுக்கு அடுத்தபடி குற்றவாளி தான்தான் என்று ஒரு தீர்ப்பை அவரே எழுதி வைத்திருந்தார். நீதிமன்றமும் அதையே சொல்லிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

ஆரம்பத்திலிருந்தே இந்த வழக்கு வேண்டாம் என்று சொல்லிவந்தவர் அப்பா. ஆனால் இப்போது, “நாளைக்கு நானும் வரேன்” என்றார்.

மறுநாள் அரசாங்கத் தரப்பின் சாட்சி. அந்தக் காலத்து ஆய்வு அதிகாரியேதான். ஓய்வுபெற்றுப் பல காலம் ஆகியிருந்தது. கைத்தடி ஊன்றி, பேத்தி தாங்கிப் பிடித்துக்கொண்டுவர, மெதுவாகக் கூண்டுக்குப் போனார். முதுகு வளைந்திருந்தாலும் சட்டை கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. நாங்கள் எல்லோரும் முன்வரிசையில் இருந்தோம்: பெரியப்பா, டாக்சிக்காரர், அதே இல்லத்தில் வளர்ந்து ஒரு கிடங்கில் காவலாளியாக இருக்கும் இன்னொருவர், பிறகு நான். அப்பா தாமதமாக வந்ததால் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

அரசு வக்கீல் தன் சாட்சியிடம் கேட்டார். “பிள்ளைங்களை நீங்க விசாரிச்சதே இல்லைங்கற மாதிரி பேசறாங்க. நீங்க எப்படி விசாரிப்பீங்கன்னு இந்த மன்றத்துக்குச் சொல்லுங்க.”

“முற்றத்துல வரிசையா நிப்பாங்க. நான் முன்னால போய் நின்னு கேப்பேன்.”

“எப்படிக் கேப்பீங்க?”

கிழவர் கைத்தடியைக் கூண்டில் சாய்த்துவைத்தார். தலையை நிமிர்த்தி அறையைப் பார்த்தார். எங்கிருந்தோ அவருக்கு ஒரு பழைய குரல் வந்தது. “என்ன பிள்ளைகளா, எல்லாரும் சௌக்கியமா?”

என் பக்கத்தில் பெரியப்பா எழுந்து நின்றார். டாக்சிக்காரரும் எழுந்தார். காவலாளியும் எழுந்தார். வயதான மூன்று மனிதர்கள், முதுகை நேராக்கிக்கொண்டு, ஒரே குரலில் சொன்னார்கள்.

“சௌக்கியமா இருக்கோம் ஐயா.”

யாரோ பின்னால் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விழுங்கிக்கொண்டார்கள். எழுந்த மூவரும் தாங்கள் என்ன செய்தோம் என்று அப்போதுதான் உணர்ந்து, ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். அரசு வக்கீல் மெல்ல, “இதைப் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன். இன்றுகூட இவர்கள் தரும் பதில் இதுதான்” என்றார். நீதிபதி உணவு இடைவேளை விட்டார்.

வெளியே நடைபாதையில் டாக்சிக்காரர் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டார். “ஏன்யா எந்திரிச்சே?”

“நீ ஏன் எந்திரிச்சே?”

“நீ எந்திரிச்சே, நான் எந்திரிச்சேன்.”

“நான் எங்க எந்திரிச்சேன். காலு எந்திரிச்சுது.”

“நல்ல காலு. அடுத்த தடவை அதை வீட்லயே விட்டுட்டு வா.”

காவலாளிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மூன்று பேருமே சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பெரியப்பா சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். “கெடுத்துட்டேன்” என்றார். “எல்லாருக்கும் சேர்த்துக் கெடுத்துட்டேன்.”

வக்கீல் அம்மா ஜன்னல் மேடையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

“அண்ணே, எந்திரிச்சப்போ கையை ஏன் பின்னாடி கட்டினீங்க?”

“எந்தக் கையை?”

“மூணு பேரும்தான். நான் பின்னால இருந்து பார்த்தேன். மூணு பேரும் ஒரே மாதிரி கையைப் பின்னாடி வெச்சு, விரலை மடக்கி, உள்ளங்கையை மூடிக்கிட்டீங்க.”

“அதுவா” என்றார் பெரியப்பா, கடைக்கு வழி சொல்வதுபோல. “அப்படித்தான் நிக்கணும். பெரியவங்க யார் வந்தாலும் அப்படித்தான். வார்டன் பழக்கிவெச்சது. கை முன்னால வந்துச்சுன்னா ராத்திரிக்கு இன்னும் நாலு விழும்.”

“பார்வை நாள்லயும்?”

“எல்லாருக்கும்தான். உனக்கும்தான்.”

அந்தப் பிஸ்கட் அப்பாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தன் வலது கையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, அதைச் சட்டைப் பையில் நுழைத்துக்கொண்டார்.

வக்கீல் அம்மா டப்பாவை மூடினார். “இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“இதுல சொல்றதுக்கு என்னம்மா இருக்கு?” என்றார் பெரியப்பா, நிஜமாகவே புரியாமல். “நிக்கறது எப்படின்னு யாராவது சொல்வாங்களா?”

இடைவேளைக்குப் பிறகு வக்கீல் அம்மா நீதிபதியிடம் அனுமதி கேட்டு, பெரியப்பாவை மறுபடியும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். கூண்டின் தடுப்பு கையை மறைக்கும் என்று அதற்கு முன்னால் திறந்த இடத்தில் நிற்கச் சொன்னார். பெரியப்பா நின்றார். கைகள் தாமாகப் பின்னால் போயின. திரும்பி நிற்கும்படி நீதிபதி சொன்னார். அவர் திரும்பி, எங்களைப் பார்த்து நின்றார். மடங்கிய அந்த விரல்களை நீதிபதி நீண்ட நேரம் பார்த்தார். ஏன் அப்படி என்று கேட்டார். அப்பாவிடம் சொன்னதையே பெரியப்பா அவரிடமும் சொன்னார்.

அரசு வக்கீல் சும்மா இருக்கவில்லை. அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். “மறைத்து வைத்ததை அதிகாரி எப்படிப் பார்த்திருக்க முடியும்?”

வக்கீல் அம்மா ஆய்வு அதிகாரியை மறுபடி கூண்டுக்கு அழைத்து, அந்தக் கேள்வியை அவரிடமே திருப்பினார். “ஐயா, பிள்ளைகளைத் தனியாகவும் விசாரிக்க வேண்டும் என்று விதி இருந்ததா?”

“இருந்தது.”

“விசாரித்தீர்களா?”

“வார்டன் எப்பவும் பக்கத்துலயே இருப்பார். தள்ளிப்போங்கன்னு சொன்னா அவருக்கு மனசு சங்கடப்படும். அதனால...”

“இத்தனை பிள்ளைகள், ஒவ்வொரு தடவையும், ஒரே வார்த்தை, ஒரே மாதிரி பின்னால் கட்டிய கை. உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா?”

“நல்ல ஒழுங்குன்னு தோணுச்சு.”

“கையைக் காட்டுடா என்று ஒரு பிள்ளையிடமாவது சொன்னீர்களா?”

கிழவர் பெரியப்பாவைப் பார்த்தார். இந்தக் கிழவரை நான் வெறுக்கத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது அது அவ்வளவு எளிதாக இல்லை.

“இல்லைம்மா” என்றார். “சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.”

தீர்ப்பு வர மேலும் பல மாதங்கள் ஆயின. அன்றைக்கு அறை நிறைந்திருந்தது. எனக்கு அதில் பல பத்திகள் புரியவில்லை. புரிந்த இடத்தை வக்கீல் அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். குழந்தைகளைத் தன் பொறுப்பில் எடுத்த அரசுக்கு அவர்களைப் பாதுகாக்கும் கடமை இருந்தது. பார்வையிடும் கடமை, வந்துபோவதோடு முடிவதில்லை. தீங்கு செய்பவர் முன்னிலையில் குழந்தைகளைக் கேட்டுவிட்டு, அவர்கள் தந்த பதிலைத் தனக்குக் கேடயமாக்கிக்கொள்ள அரசுக்கு உரிமையில்லை. சொல்லாமல் இருந்தது அந்தக் குழந்தைகளின் தவறு அல்ல. கேட்க வேண்டிய விதத்தில் கேட்காததே கவனக்குறைவு. அதற்கு அரசு பொறுப்பு.

‘அந்தக் குழந்தைகளின் தவறு அல்ல’ என்ற இடம் வந்தபோது டாக்சிக்காரர் பெரியப்பாவின் தோளை இடித்தார். பெரியப்பா அசையவில்லை. அந்த வரியை இன்னொரு தடவை படிப்பார்களா என்று காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். நீதிபதி அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

அரசாங்கம் மேல்முறையீடு செய்யக்கூடும் என்று வக்கீல் அம்மா வெளியே வந்ததும் சொன்னார். “செய்யட்டும்” என்றார் டாக்சிக்காரர். “நாங்க மறுபடியும் எந்திரிச்சு நிப்போம்.”

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மா அடுப்பு மூட்டப் போனாள். “நீ இரு” என்று சொல்லிவிட்டு அப்பாவே சமையலறைக்குள் போனார். அவர் டீ போட்டு நாங்கள் பார்த்ததில்லை. பாத்திரங்கள் உருளும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கடைசியில் ஒரு டம்ளரைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்து பெரியப்பாவின் முன்னால் நின்றார்.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். “அங்க வை” என்றார்.

அப்பா மேஜைமேல் வைத்தார். இந்தத் தடவை கேலி இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சூடு ஆறும்வரை இரண்டு பேரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பெரியப்பா அதை எடுத்து ஒரு வாய் குடித்தார். வாயிலேயே கொஞ்சம் வைத்திருந்துவிட்டு விழுங்கினார்.

“எப்படிண்ணே இருக்கு?” என்று அப்பா கேட்டார்.

பெரியப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சக்கரை பத்தல” என்றார்.

அப்பா எழுந்தார். “இருங்க, எடுத்துட்டு வரேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியப்பா டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, காத்திருந்தார்.